ஊருக்கு ஒரு முகம் காட்டிய கணினி

(தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மதுரைக்காரர் பேசும் தமிழுக்கு ஒரு வாடை உண்டு. யாழ்ப்பாணத்துக்காரர் பேசினால் இன்னொரு விதம். ஈப்போவில் பேசும் தமிழில் இரண்டு மூன்று மலாய்ச் சொற்கள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தே தாரிக் குடித்தபடி பேசினால், ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிந்துவிடும். சொல் மாறலாம், ஓசை மாறலாம். அடிப்படை இலக்கணம் மாறுவதில்லை.

இயந்திரங்களுக்கும் இப்படி வட்டார வழக்கு உண்டா? உண்டு. இன்றைய உரை அப்படிப்பட்ட ஓர் இயந்திரத்தைப் பற்றியது. அதன் பெயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். பிரிட்டனில் பிறந்த இந்தச் சின்னக் கணினி பல நாடுகளுக்குப் போனது. போன இடமெல்லாம் உருவம் மாறியது. சில நாடுகளில் முறைப்படி போனது. சில நாடுகளில் நகலாக உருவெடுத்தது. சில இடங்களில் சில மாதங்களில் மறைந்தது. சில இடங்களில் தாய்வீட்டில் உற்பத்தி நின்ற பிறகும் வாழ்ந்தது. ஏன் இந்த வேறுபாடு? அதுதான் இன்றைய கேள்வி.

ரப்பர் விசைகள் கொண்ட பெட்டி

1982ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், கேம்பிரிட்ஜ் நகரின் சின்கிளேர் ரிசர்ச் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினியை அறிமுகப்படுத்தியது. நிறுவனர் கிளைவ் சின்கிளேர். உள்ளமைப்பை வடிவமைத்தவர் ரிச்சர்ட் ஆல்ட்வாசர். வெளித்தோற்றம் ரிக் டிக்கின்சன் கைவண்ணம். 16 கிலோபைட் நினைவகம் கொண்டதன் விலை 125 பவுண்டு. 48 கிலோபைட் கொண்டதன் விலை 175 பவுண்டு. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம்கூட 48 கிலோபைட்டுக்குள் அடங்காது. அந்தக் கணினிக்கு மொத்த உலகமே அவ்வளவுதான்.

அதற்குத் தனியாகத் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில் செருகிக்கொள்ள வேண்டும். நிரல்களைச் சேமிக்க வட்டு கிடையாது. பாட்டுக் கேட்கும் ஒலிநாடாவே போதும். விலை குறைவு என்பதால் சாதாரணக் குடும்பங்களும் வாங்கின. விற்பனை ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. வீட்டுப் பிள்ளைகள் விளையாடினார்கள். விளையாடியவர்களில் பலர் தாங்களே விளையாட்டு எழுதவும் தொடங்கினார்கள். அப்படி எழுதியவை ஆயிரக்கணக்கில் பெருகின. இந்த நிரல் குவியலை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்தது

ஸ்பெக்ட்ரம் கணினிகளைச் சின்கிளேருக்காகத் தயாரித்துக் கொடுத்தது, கைக்கடிகாரத்துக்குப் பெயர்போன டைமெக்ஸ் நிறுவனம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் அதற்குத் தொழிற்சாலை இருந்தது. அதே டைமெக்ஸ், அமெரிக்காவில் சின்கிளேர் கணினிகளை விற்கும் உரிமையையும் பெற்றது. அங்குள்ள தொலைக்காட்சி முறை வேறு என்பதால் மாற்றங்கள் தேவைப்பட்டன. மாற்றுவதுதான் மாற்றுகிறோம், இன்னும் சிறப்பாகவே செய்துவிடுவோம் என்று நினைத்தார்கள்.

1983 நவம்பரில் டைமெக்ஸ் சின்கிளேர் 2068 வெளிவந்தது. நல்ல விசைப்பலகை, இசைக்குத் தனிச் சில்லு, விளையாட்டுப் பேழை செருக இடம், விளையாட்டுக் கைப்பிடிகளுக்கு இணைப்பு எனப் பலவும் அதில் இருந்தன. காகிதத்தில் பார்த்தால் பிரிட்டிஷ் மூலத்தைவிட எல்லா வகையிலும் மேல். ஆனால் ஒரு குறை. பிரிட்டனில் எழுதப்பட்ட விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை அதில் ஓடவில்லை.

காரணம் எளிமையானது. ஒவ்வொரு கணினிக்குள்ளும் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பதிக்கப்பட்ட ஒரு நிரல் இருக்கும். எழுத்தைத் திரையில் காட்டுவது, ஒலிநாடாவைப் படிப்பது போன்ற வேலைகள் அதில் குறிப்பிட்ட இடங்களில் இருக்கும். விளையாட்டு எழுதுபவர் 'இந்த எண்ணுள்ள இடத்துக்குப் போ' என்று நேராகக் கட்டளை கொடுத்துவிடுவார். மூலத்தில் 16 கிலோபைட்டாக இருந்த அந்த நிரலை அமெரிக்கர்கள் 24 கிலோபைட்டாக விரித்து எழுதினார்கள். இடங்கள் மாறிப்போயின. ஒரு தெருவின் வீட்டு எண்களை ஒரே இரவில் மாற்றிவிட்டால் அஞ்சல்காரர் என்ன செய்வார்? கடிதம் யார் வீட்டுக்கோ போகும். அதுவே இங்கும் நடந்தது.

1984 பிப்ரவரியில் டைமெக்ஸ் அமெரிக்க வீட்டுக் கணினிச் சந்தையிலிருந்து விலகியது. கடுமையான விலைப்போட்டி நடந்த காலம் என்பதும் உண்மைதான். ஆனால் கையில் ஆயிரக்கணக்கான நிரல்களோடு களத்தில் இறங்கியிருக்க வேண்டிய கணினி, வெறுங்கையோடு இறங்கியது. வட்டார வழக்கு மாறியிருந்தால் பாதகமில்லை. இலக்கணத்தையே மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டது அதே நிறுவனத்தின் போர்ச்சுகல் கிளை. அமெரிக்கத் தலைமை விலகிய பிறகும் அங்கு உற்பத்தி தொடர்ந்தது. 1984இல் அவர்கள் கொண்டுவந்த டைமெக்ஸ் கம்ப்யூட்டர் 2048, பிரிட்டிஷ் நிரல்களில் பெரும்பாலானவற்றை ஓட்டியது. அமெரிக்க 2068இன் போர்ச்சுகல் வடிவத்துக்கோ, மூல ஸ்பெக்ட்ரம் போலவே நடந்துகொள்ள வைக்கும் ஒரு பேழையைச் சேர்த்துக் கொடுத்தார்கள். அதைச் செருகினால் பழைய வீட்டு எண்கள் திரும்பிவிடும். இந்தக் கணினிகள் போலந்து வரை விற்பனைக்குப் போயின.

ஓர் எழுத்துக்காக ஒரு சட்டம்

அடுத்தது ஸ்பெயின். ஸ்பானிய மொழியில் ஓர் எழுத்து உண்டு. ஆங்கில 'என்' எழுத்தின் தலையில் ஒரு சின்ன அலைக்கோடு. ஓசை ஏறக்குறைய தமிழின் 'ஞ' போன்றது. 'எஸ்பாஞா' என்று தங்கள் நாட்டின் பெயரை எழுதவே அந்த மக்களுக்கு அந்த எழுத்து வேண்டும். பிரிட்டிஷ் கணினியில் அது இல்லை.

1985இல் ஸ்பெயின் அரசு ஒரு விதி கொண்டுவந்தது. 64 கிலோபைட் அல்லது அதற்குக் குறைவான நினைவகம் கொண்ட கணினி, ஸ்பானிய எழுத்துகளைக் கையாளாவிட்டால் கூடுதல் வரி கட்ட வேண்டும். இதற்கு இரண்டு விதமான பதில்கள் வந்தன.

முதல் பதில், சின்கிளேரின் போட்டியாளரான ஆம்ஸ்ட்ராட் கணினிக்கு அங்கே கிடைத்த உருமாற்றம். அந்தக் கணினியின் நினைவகம் சரியாக 64 கிலோபைட். அதனுள் 8 கிலோபைட் சில்லு ஒன்றைக் கூடுதலாக வைத்து, 72 கிலோபைட் என்று கணக்குக் காட்டினார்கள். பெயர் சிபிசி 472. அந்த 8 கிலோபைட்டைப் பயன்படுத்தவே முடியாது. சில்லு இருக்கும், வேலை செய்யாது. விதியின் சொல்லுக்கு மட்டும் கட்டுப்பட்ட கணினி! பிறகு விதி விரிவாக்கப்பட்டு இந்தக் குறுக்குவழியும் அடைபட்டது.

இரண்டாவது பதில், ஸ்பெயினில் சின்கிளேர் கணினிகளை விற்ற இன்வெஸ்ட்ரோனிகா நிறுவனத்துடையது. அது சின்கிளேருடன் சேர்ந்து 128 கிலோபைட் நினைவகம் கொண்ட புதிய ஸ்பெக்ட்ரத்தை உருவாக்கியது. திரையில் தோன்றும் செய்திகள் ஸ்பானிய மொழியில் வந்தன. இசைக்குத் தனிச் சில்லும் இருந்தது. அதே வேளையில் பழைய 48 கிலோபைட் முறைக்கும் மாறிக்கொள்ளலாம். பழைய விளையாட்டுகள் வீணாகவில்லை. இந்தக் கணினி முதலில் வெளிவந்தது பிரிட்டனில் அல்ல, 1985 செப்டம்பரில் ஸ்பெயினில். பழைய கையிருப்பு விற்றுத் தீரவேண்டி இருந்ததால், பிரிட்டிஷ் மக்கள் தங்கள் நாட்டுக் கணினிக்காக 1986 தொடக்கம் வரை காத்திருந்தார்கள். பிள்ளை முதலில் நடந்தது அண்டை வீட்டில்!

பிரேசிலிலும் சட்டம்தான் கணினியின் முகத்தைத் தீர்மானித்தது. 1984 அக்டோபரில் நிறைவேறிய தகவல் தொழில்நுட்பச் சட்டம், சிறு கணினிச் சந்தையை எட்டு ஆண்டுகளுக்கு உள்நாட்டு நிறுவனங்களுக்கென ஒதுக்கியது. வெளிநாட்டுக் கணினி நுழைய வழியில்லை. 1985இல் மைக்ரோடிஜிட்டல் என்ற உள்நாட்டு நிறுவனம் டிகே90எக்ஸ் என்ற பெயரில் ஸ்பெக்ட்ரத்தைப் போன்ற கணினியை விற்றது. சின்கிளேரின் உரிமம் அதற்கு இல்லை. பிழைச் செய்திகள் போர்த்துகீசிய மொழியில் வந்தன. பயனர் தமக்கு வேண்டிய எழுத்து வடிவங்களை எளிதாக வரைந்துகொள்ள ஒரு புதிய கட்டளையும் சேர்க்கப்பட்டிருந்தது. கணினி தன் மொழியில் பேச வேண்டும் என்ற ஆசை எந்த நாட்டுக்காரருக்கும் பொதுவானது. தமிழ் எழுத்துருவுக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்த நேயர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஒரே ஒரு சில்லு இல்லாதபோது

இனிச் சோவியத் ஒன்றியம். மேற்கத்திய நாடுகளின் ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளால் அங்கே இத்தகைய கணினிகள் கடைக்கு வரவில்லை. வெளிநாடு போய்வந்தவர்கள் பெட்டியில் கொண்டுவந்தவைதான். அவற்றைத் திறந்து பார்த்த பொறியியலாளர்களுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது.

ஸ்பெக்ட்ரத்தின் மூளை இசட்80 என்ற சில்லு. அதற்குக் கிழக்கு ஜெர்மனியில் யு880 என்ற நகல் தயாரிக்கப்பட்டது; அது கிடைத்தது. ஆனால் படத்தைத் திரைக்கு அனுப்புவது, விசைப்பலகையைக் கவனிப்பது, ஒலிநாடாவோடு பேசுவது ஆகிய வேலைகள் அனைத்தையும் செய்த இன்னொரு சில்லை, பிரிட்டனின் ஃபெர்ரான்டி நிறுவனம் சின்கிளேருக்கென்றே தனியாகச் செய்து கொடுத்தது. எந்தக் கடையிலும் அது கிடைக்காது. சோவியத் பொறியியலாளர்கள் அந்த ஒரே சில்லு செய்யும் வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆராய்ந்து, எளிதில் கிடைக்கும் சாதாரணச் சில்லுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து அதே வேலையை வாங்கினார்கள்.

1980களின் பிற்பகுதியில் செர்கெய் சோனோவ் வடிவமைத்த 'லெனின்கிராட்' சுற்றுப்பலகை அப்படிப் பிறந்ததுதான். வரைபடம் கைமாறிக் கைமாறிப் பரவியது. சந்தையில் பலகை வாங்கி, சில்லுகளைத் தேடிச் சேர்த்து, வீட்டு மேசையில் ஈயப்பற்று வைத்துத் தாங்களே கணினியை உருவாக்கியவர்கள் எத்தனையோ பேர். விளம்பரம் கிடையாது, உத்தரவாதம் கிடையாது. ஆனால் பிரிட்டிஷ் விளையாட்டுகள் ஓடின. அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

1990களின் தொடக்கத்தில் 'பென்டகன்' என்ற இன்னொரு வடிவம் பரவியது. பிரிட்டனில் சிலரே பயன்படுத்திய ஒரு வட்டு இயக்கி முறை, இந்தப் பலகையில் உள்ளேயே பொருத்தப்பட்டதால் ரஷ்யாவின் பொது வழக்கமாகிவிட்டது. இன்னொரு வேறுபாடும் உண்டு. மூல ஸ்பெக்ட்ரத்தில், திரையை வரையும் சில்லு நினைவகத்தைப் பயன்படுத்தும்போது மூளைச் சில்லு சற்றே காத்திருக்க வேண்டும். பென்டகனில் அந்தக் காத்திருப்பு இல்லை. ரஷ்ய இளைஞர்கள் இந்த நேரக் கணக்குக்கு ஏற்ப நிரல் எழுதினார்கள். விளைவு? அவர்கள் எழுதிய சில படக்காட்சிகள் பிரிட்டிஷ் மூலத்தில் சரியாகத் தெரிவதில்லை. நகல் தனக்கென ஒரு வழக்கை உண்டாக்கிக்கொண்டது.

1986 ஏப்ரலில் சின்கிளேரின் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராட் விலைக்கு வாங்கியது. 1992இல் ஸ்பெக்ட்ரம் உற்பத்தி நின்றது. ரஷ்யாவிலோ அந்த ஆண்டுகளில்தான் கணினி பல வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

பிராகா சதுக்கத்தில் ஒரு விளையாட்டு

இதெல்லாம் பொழுதுபோக்குப் பொருளின் கதைதானே என்று சிலர் நினைக்கலாம். செக்கோஸ்லோவாக்கியாவைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும்.

அந்த நாட்டின் ஸ்காலிட்சா நகரில், பள்ளிக் கருவிகள் செய்துவந்த டிடாக்டிக் என்ற கூட்டுறவு நிறுவனம் 1987இல் 'டிடாக்டிக் காமா' என்ற ஸ்பெக்ட்ரம் வகைக் கணினியைக் கொண்டுவந்தது. நினைவகம் 80 கிலோபைட். வெளிநாட்டிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரங்களும் இந்த உள்நாட்டுக் கணினியும் ஒரே ஒலிநாடாக்களைப் பகிர்ந்துகொண்டன. நண்பர் நண்பருக்குப் பதிவு செய்து கொடுத்தார். தணிக்கை அதிகாரிகள் பத்திரிகையைப் படித்தார்கள், நாடகத்தைப் பார்த்தார்கள். பிள்ளைகளின் ஒலிநாடாவைத் திரையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

1969 ஜனவரி 16ஆம் நாள், சோவியத் ஆக்கிரமிப்பை எதிர்த்து யான் பாலாக் என்ற மாணவர் பிராகாவின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தீக்குளித்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 1989 ஜனவரியில் அவர் நினைவாக அங்கே கூடிய மக்களைக் காவல் துறை தடியாலும் தண்ணீர்ப் பீரங்கியாலும் கலைத்தது. அதே ஆண்டில் ஸ்பெக்ட்ரத்துக்காக ஒரு விளையாட்டு எழுதப்பட்டது. படம் இல்லை, வெறும் எழுத்து மட்டும். திரைப்பட நாயகன் இண்டியானா ஜோன்ஸ் 1989 ஜனவரி 16 அன்று அந்தச் சதுக்கத்தில் மாட்டிக்கொள்கிறான். காவலர்களிடமிருந்து தப்பி வெளியேற வேண்டும். தவறான திசையில் ஓர் அடி வைத்தாலும் அடித்தே கொல்லப்படுவான். எழுதியவர் பெயர் போடவில்லை. போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விளையாடியவர்கள் அறிவார்கள்.

அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த ஆட்சி வீழ்ந்தது. விளையாட்டால் வீழ்ந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் செய்தித்தாளில் அச்சேற முடியாத ஒன்றை ஓர் இளைஞர் கூட்டம் ஒலிநாடாவில் கடத்தியது. ஒரே நிரல் பல வகைப் பெட்டிகளில் ஓடியதால்தான் அது முடிந்தது.

நகல் நியாயமா?

இங்கே ஒரு கேள்வி எழும். உரிமம் இல்லாமல் நகலெடுப்பது தவறில்லையா? தவறுதான். ஓர் ஆக்கத்துக்காக உழைத்தவர்களுக்குப் பிரேசில் நகலிலிருந்தும் சோவியத் நகல்களிலிருந்தும் ஒரு காசும் வரவில்லை. முறையாகச் செய்தவர்களும் இருந்தார்கள். ஸ்பெயினின் இன்வெஸ்ட்ரோனிகா மூல நிறுவனத்தோடு சேர்ந்து உழைத்தது. இந்தியாவில் புனே நகரின் டெசிபெல்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றே 'டிபி ஸ்பெக்ட்ரம் பிளஸ்' கணினியை விற்றது. நேர்வழி இருந்தது என்பதற்கு இவை சான்று.

அதே நேரத்தில், வாங்கவே வழியில்லாத நாடுகளில் கதவு வெளியிலிருந்து பூட்டப்பட்டிருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 1999இல் ஆம்ஸ்ட்ராட் ஒரு பெருந்தன்மையான முடிவு எடுத்தது. உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஸ்பெக்ட்ரத்தின் உள் நிரலை, இன்றைய கணினிகளில் அதைப்போல இயங்கும் மென்பொருள்களோடு பகிர்ந்துகொள்ள அனுமதித்தது. அதனால் பழைய நிரல்கள் இன்றும் உயிரோடு இருக்கின்றன. கிளைவ் சின்கிளேர் 2021 செப்டம்பரில் மறைந்தார். அவர் பார்த்தேயிராத பல பெட்டிகளில் அவர் நிறுவனத்தின் கணினி வாழ்ந்துகொண்டிருந்தது.

தூக்கி எறியுமுன்

ஆக, தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு விடை இதுதான். பணமும் பெயரும் புதிய வசதிகளும் இருந்த அமெரிக்க வடிவம், மக்கள் ஏற்கெனவே பகிர்ந்துகொண்டிருந்த நிரல்களோடு ஒத்துப்போகாததால் தனித்து நின்றது. ஈயப்பற்று வைத்து ஒட்டிய லெனின்கிராட் பலகை ஒத்துப்போனதால் வாழ்ந்தது. புதுமை வேண்டும்தான். ஆனால் மற்றவரோடு பேச முடியாத புதுமை ஊமையாகிவிடும். ஸ்பெயின்காரர் தம் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார், பழைய விளையாட்டையும் கைவிடவில்லை. தன் அடையாளத்தைக் காத்துக்கொண்டே பொது இலக்கணத்திலும் பங்குகொள்ள முடியும் என்பதற்கு இந்தச் சின்னப் பெட்டியே சாட்சி.

இன்னொரு செய்தியும் உண்டு. பிரிட்டிஷ் மூலம் பல அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கிறது. போர்ச்சுகலின் கன்டன்யெட் நகரில் ஸ்பெக்ட்ரத்துக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் வீட்டு மேசையில் கட்டப்பட்ட நகல்களை 'வெறும் நகல்தானே' என்று பலர் குப்பையில் போட்டார்கள். அந்த ஒலிநாடாக்களின் காந்தப்பூச்சு ஆண்டுக்கு ஆண்டு மங்குகிறது. பெயர் போடாத அந்தப் பிராகா விளையாட்டைப் போல இன்னும் எத்தனை ஒலிநாடாக்கள் எந்தெந்த அலமாரியில் கிடக்கின்றனவோ!

நேயர்களின் வீட்டிலும் ஒரு பழைய பெட்டி இருக்கலாம். அப்பா வாங்கிய கணினி, அண்ணன் பதிவு செய்த ஒலிநாடா, உறையின் மேல் பேனாவால் எழுதிய குறிப்பு. தூக்கி எறியுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள். அதில் என்ன இருக்கிறது, யார் எழுதினார்கள் என்று வீட்டுப் பெரியவரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்து வையுங்கள். பொருள் போனாலும் அதன் கதை மிஞ்சட்டும்.